கடலுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு வெளியவே கிடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க. மூணாவது மாடிக்குப் புதுசா வந்தவங்கதானே நீங்க? அன்னைக்குப் பாத்தேன். பீரோவைப் படியில மாட்டிக்கிட்டு முக்கா மணி நேரம் நின்னீங்க. முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா கதவைக் கழட்டிட்டு ஏத்துங்கன்னு சொல்லியிருப்பேன். போகட்டும். உக்காருங்க.

ஃபைல் கேட்டு வந்திருக்கீங்க, தெரியும். இந்த ஆறு வீட்டுல யாருக்கு வெளிநாட்டு ஆசை வந்தாலும் டைம் கீப்பர் உலகநாதன்கிட்ட கேளுன்னுதான் அனுப்புவாங்க. நீங்க மூணாவது ஆளு. தர்றேன், தராம என்ன. அதை வச்சு நான் ஊறுகாயா போடப்போறேன்? ஆனா அது எப்படி உண்டாச்சுன்னு கேட்டுட்டு வாங்கிக்கங்க. சும்மா தூக்கிக் குடுத்தா அருமை தெரியாது.

முப்பத்துமூணு வருஷம் பஸ் டெப்போவுல இருந்தேன். கண்டக்டரா சேந்தேன், டைம் கீப்பரா வெளிய வந்தேன். மதுரையில இருந்து தேனிக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்கணும், உசிலம்பட்டியில எத்தனை நிமிஷம் நிக்கணும், டிரைவர் எங்க டீ குடிக்கணும், எல்லாம் நான் போட்ட கணக்கு. ரெண்டு நிமிஷம் பிந்தினா நோட்டுல எழுதிருவேன். என்னை வையாத டிரைவர் கிடையாது. ஆனா வண்டி ஓடுச்சு. அதைச் சொல்லணும்ல.

எங்க வீட்டுல டீச்சர். சௌந்தரம் டீச்சர்னு கேட்டா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல முப்பத்தொரு வருஷம் சமூக அறிவியல். வருஷா வருஷம் ஒம்பதாம் வகுப்புக்கு மத்தியதரைக் கடலைப் போர்டுல வரைவா. அதுக்குன்னே நீலச் சாக்பீஸ் தனியா ஒரு டப்பாவுல வச்சிருப்பா, யாரையும் தொடவிடமாட்டா. நம்ம கொற்கை முத்து கப்பல் ஏறி அலெக்சாந்திரியாவுக்குப் போய்த்தான் ரோமாபுரிக்குப் போச்சாம். அதைச் சொல்றப்போ அவ முகத்தைப் பாக்கணும். ஏதோ இவளே கூடையில அள்ளிக்கிட்டுப் போய் வித்துட்டு வந்த மாதிரி இருக்கும்.

ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலையும் கழுத்துமா வந்து உக்காந்தா. சொன்னா, எனக்கு நகை வேணாம், காசி ராமேஸ்வரம் வேணாம், அலெக்சாந்திரியாவுல போய் அந்தக் கடலை ஒருதரம் பாக்கணும்னு. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்துல அவ வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். நான் முடியாதுன்னா சொன்னேன்? சொல்லலையே. கூட்டிட்டுப் போறேன், ஆனா ஏமாளி மாதிரி போகமாட்டேன், பிளான் போட்டுப் போவோம்னேன். இதுல என்ன தப்பு?

மூணு வருஷம் உழைச்சேன் தம்பி. நீங்க பாக்குற மாதிரி லேசுப்பட்ட ஃபைல் இல்ல அது. அந்த ஊர் டிராம் எங்க எங்க நிக்குது, எந்த ஸ்டாப்புல இறங்குனா நடை கம்மி, எல்லாம் எழுதியிருக்கேன். அந்த டிராமுக்கு ஒழுங்கான டைமிங்கே கிடையாதாம். வந்தா வரும்னு போட்டிருக்கான். படிச்சுட்டு எனக்குத் தூக்கமே வரல. பழைய கோட்டை, ரோமானியன் கட்டுன அரங்கம், தரைக்கடியில இருக்கிற கல்லறை, பெரிய நூலகம், மொத்தம் நாப்பத்தேழு இடம். எட்டு நாள். காலையில அஞ்சு நாப்பதுக்கு எந்திரிக்கணும். ஆறு பத்துக்குக் காப்பி, நாமளே போட்டுக்கிறது. சின்ன குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எல்லாம் இங்கிருந்தே. மத்தியானத்துக்கு மட்டும் அங்க அவரைக்கொட்டையை வேகவச்சு ரொட்டியோட தர்றான், மலிவு, வயித்தை ஒண்ணும் பண்ணாது. அந்தக் கடையோட தெருப் பேர்கூட இருக்கு.

காப்பியைக் குடிங்க, ஆறுது.

ஒருநாள் ஃபைலைக் குடுத்து, படிச்சுப் பாருன்னேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பாத்தா. முழுசும் பாத்துட்டு, "கடலுக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கீங்க?"ன்னா.

இருபத்தஞ்சு நிமிஷம்னேன். நாலாவது நாள், சாயங்காலம் அஞ்சு அஞ்சுல இருந்து அஞ்சரை வரைக்கும். ஏன் முழிக்கிறீங்க? கடல் எங்க போயிரும் தம்பி? ஊரே கடலோரமாத்தான் நீளமா கிடக்கு. போறப்பவும் வர்றப்பவும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். அதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்குனதே பெரிசு. அவ கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு அரிசி களையப் போயிட்டா. சரி, ஒத்துக்கிட்டான்னு நான் நெனச்சேன்.

மொத வருஷம் போகலை, கூட்டக் காலம், எல்லாமே ரெட்டை வெலை. ரெண்டாவது வருஷம் குக்கர் வைக்க விடுற ரூம் கிடைக்கல. மூணாவது வருஷம் மாசி மாசத்துல போவோம்னு முடிவு பண்ணேன், அப்பத்தான் சுத்துறவன் வரமாட்டான், பாதி வெலைக்கு ரூம். மழையும் காத்துமா இருக்குமாமேன்னா. மதுரைக்காரிக்கு மழை கசக்குமான்னு கேட்டேன். அதுக்குள்ள அவளுக்கு முழங்கால் வேற பிடிச்சுக்கிருச்சு. படி ஏறுனா சுவத்தைப் பிடிப்பா. எனக்குத் தெரியாமலா இருக்கும்? அதுக்காகத்தான் நடையைக் குறைச்சு மூணாவது தடவையா முழுசும் திருத்தி எழுதினேன். அதையெல்லாம் யார் சொல்றா.

விசாவுக்கு ஏஜென்டு, போகவர டிக்கெட் காட்டணும்னான். ஆனா நெசமா வாங்க வேணாம், விசாவுக்காக ஒரு முன்பதிவுத் தாள் போட்டுத் தர்றேன், கொஞ்ச நாளுல தானா செத்துரும்னான். போட்டுக் குடுத்தான். விசா வந்துருச்சு. அந்தத் தாளை நான் மேசையில வச்சிருந்தேன். இவ அதை எடுத்து நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி மீனாட்சி படத்துக்கு முன்னால வச்சுட்டா. டிக்கெட்டுன்னு நெனச்சுக்கிட்டா. நான் சொல்லியிருக்கலாம். சாமிகிட்ட வச்சதை எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டேன்.

டிக்கெட் நான் வாங்கல தம்பி. கடைசி நாள் வாங்கணும்னு வச்சிருந்தேன். இதை நல்லாக் கேட்டுக்கங்க, ஃபைல்ல இது இல்ல. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல பாத்திருப்பீங்க. ஆம்னி பஸ் கிளம்பப் போகும். பத்து சீட்டு காலி. அவன் என்ன பண்ணுவான்? வாங்க சார், ஏறுங்க சார், குடுக்கிறதைக் குடுங்கன்னு கையைப் பிடிச்சு இழுப்பான். காலி சீட்டை ஓட்டிக்கிட்டுப் போனா அவனுக்கென்ன வரும்? முப்பத்துமூணு வருஷம் பாத்தவன் நான். அது றெக்கை வச்சிருந்தா என்ன, வண்டி வண்டிதானே. மாசி மாசம், செவ்வாய்க்கிழமை, எவன் போறான்? கிளம்புற அன்னைக்கு வெலை தரையில வந்து விழும். அப்ப எடுப்போம்னு இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாருங்க, அஷ்டமி. போதாததுக்கு வடக்கே சூலம். மேப்புல பாத்தா அலெக்சாந்திரியா வடமேற்குல இருக்கு. ஜோசியர்கிட்டப் போனேன். அதுக்கென்ன, பரஸ்தானம் வச்சுருங்கன்னார். உங்க காலத்துல இதெல்லாம் தெரியாது. கிளம்புற நாள் சரியில்லேன்னா, அதுக்கு முன்னாடி ஒரு நல்ல நாள் பாத்து, பையை எடுத்துட்டுப் போய் வேற ஒருத்தர் வீட்டுல வச்சுரணும். அப்படி வச்சுட்டா அந்த நிமிஷமே பயணம் தொடங்கிருச்சுன்னு அர்த்தம். வச்ச பையைத் திருப்பி வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது.

எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சர் இவகூட வேலை பாத்தவங்க. அவங்க வேதக்காரங்களாச்சே, சர்ச்சுக்குப் போறவங்க, செல்லுமான்னு ஜோசியர்கிட்ட கேட்டேன். வேற வாசப்படியா இருந்தாப் போதும்னுட்டார். வியாழக்கிழமை, திருதியை, பத்து மணிக்குள்ள பையைக் கொண்டுபோய் வச்சோம். இவ என் பஞ்சாங்கத்தைக் கண்டாலே சிரிப்பா, சமூக அறிவியல் பாருங்க. அன்னைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. ஆனா பையை அவங்க ஹால்ல வச்சுட்டுக் கையை எடுக்குறப்போ கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் பாத்தேன்.

சும்மா இருந்தாங்களா அந்த டீச்சரம்மா? அவங்க மகன் சார்ஜாவுல வேலை. இவங்க அங்கதான் விமானம் மாறுறாங்க, பாத்துக்கடான்னு அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிருக்காங்க. அவன் எதையோ தட்டிப் பாத்துட்டு, அம்மா இது காசு கட்டுன டிக்கெட் இல்ல, இந்தப் பேர்ல யாரும் வரலைன்னு சொல்லிட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில, நான் பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கேன். முன்னால வந்து நின்னா. மஞ்சள் தடவுன தாள் கையில இருக்கு.

"டிக்கெட் வாங்கலையா?"

"செவ்வாய்க்கிழமை காலையில வாங்குவேன்"னேன்.

உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஆம்னி பஸ், காலி சீட்டு, எல்லாம். ஒண்ணும் மறைக்கல. மூணு நாளா வெலை ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதையும் சொன்னேன். எறங்கும்னு சொன்னேன். அவ பொறுமையாக் கேட்டா. வாத்தியாரம்மா பாருங்க, பிள்ளை தப்புத்தப்பா ஒப்பிச்சாலும் முடிக்கட்டும்னு கேக்குற பழக்கம்.

"எறங்கலைன்னா?"

"அடுத்த மாசம் போவோம். இப்ப என்ன, பையை எடுத்துட்டு வந்துரலாம்."

என்னையே பாத்தா. கோவம்கூட இல்ல அதுல. பிறகு சொன்னா, "வச்ச பையைத் திருப்பிக் கொண்டாரக் கூடாது. நீங்கதான் சொன்னீங்க."

லந்து பண்றா, கேலிக்குச் சொல்றான்னு நெனச்சேன். எந்திரிச்சு எதிர்வீட்டுக்குப் போனவ அங்கேயே இருந்துட்டா. ரெண்டு நாள் இந்த வாசப்படி ஏறல. நடுவுல எட்டடி வராந்தா. குழம்பு வச்சு அந்த டீச்சரம்மா கையில குடுத்து அனுப்புனா, ஆனா இவ வரல. முறைப்படி பாத்தா அது சரிதான், நானே சொல்லிக் குடுத்தது. மொத நாள் சாயங்காலமே அந்த வாசல்ல நின்னுக்கிட்டு சொன்னா, எனக்கு டிக்கெட் போட்டாச்சு, என் பென்ஷன் காசு. உங்களுக்கும் சேத்துப் போடவான்னு கேட்டா. கேக்கலைன்னு சொல்லமாட்டேன். கேட்டா.

அந்த வெலைக்கா? நான் நாலு மாசமா பாத்துக்கிட்டு இருந்த வெலையைவிட ரெண்டு மடங்கு. நீ வாங்கிக்க, நான் செவ்வாய்க்கிழமை காலையில பாதிக்கு வாங்கி அதே விமானத்துல உன் பக்கத்துல வந்து உக்காருறேன் பாருன்னேன். மனுசன்னா ஒரு பிடிப்பு வேணும்ல தம்பி. ஆளு கேட்டவுடனே காசை எடுத்து நீட்டுனா மூணு வருஷம் பாடுபட்டதுக்கு என்ன அர்த்தம்?

விமானம் கொச்சியில இருந்துதான், ரெண்டு பேருமா அங்க போனோம். விடிஞ்சு போய்ச் சேந்தோம். என் பையும் கையில, குக்கர் அதுலதான். ஃபைல் இன்னொரு கையில. வாசல்ல துப்பாக்கி வச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான். டிக்கெட் காட்டுன்னான். உள்ள கவுண்டர்ல எடுக்கப் போறேன்னேன். டிக்கெட் இல்லாம உள்ள போகக் கூடாதுன்னு மலையாளத்துல என்னமோ சொல்லிச் சிரிச்சான். போன்ல பாத்தேன். அந்த விமானத்துக்கு விக்கிறதையே நிறுத்திட்டான். வெலை ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. வெலையே இல்ல.

எனக்குப் பின்னால எத்தனையோ பேரு வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து உள்ள போறாங்க. பால்குடி மறக்காத பிள்ளை போகுது. நான் நிக்கிறேன். தம்பி, அன்னைக்கு எனக்கு அழுகை வந்துச்சு. இத யாருகிட்டயும் சொன்னதில்ல. இந்த மனுஷி எங்க ஏறணும், எங்க மாறணும், எல்லாம் என் தலையில இருக்கு. அவ தலையில ஒண்ணுமில்ல. ஆனா அவ உள்ள போறா.

ஃபைலை நீட்டுனேன். வேணாம்னுட்டா. "நீங்களே வச்சுக்கங்க. தொலைச்சுட்டேன்னா வருத்தப்படுவீங்க"ன்னா. பிறகு, "கிளம்பவா?"ன்னா.

நான் சொன்னேன், ஏறி உக்காந்ததும் எத்தனை சீட்டு காலின்னு எண்ணி எனக்கு ஒரு மெசேஜ் போடு. அதைத்தான் சொன்னேன். அப்ப எனக்கு அதுதான் வாயில வந்துச்சு. அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. கண்ணாடிக்கு அங்கிட்டு ஒரு இடத்துல நின்னு யார்கிட்டயோ வழி கேட்டா. இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாளான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியல. கூட்டம் மறைச்சிருச்சு.

மெசேஜ் வரல. ஜெயசீலி டீச்சருக்கு வந்துச்சாம், நல்லா இருக்கேன்னு. எட்டு நாளும் நான் ஃபைலை விரிச்சு வச்சுக்கிட்டு, இப்ப கோட்டையில இருப்பா, இப்ப அரங்கத்துல இருப்பா, இப்ப ரொட்டி வாங்குவான்னு நேரம் பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தேன். நாலாவது நாள் சாயங்காலம் அஞ்சு அஞ்சுக்கு, சரி இப்ப கடல்ல நிப்பான்னு நெனச்சேன். அவ என்ன பண்ணியிருக்கா தெரியுமா? கோட்டை பாக்கல. கல்லறை பாக்கல. நாப்பத்தேழு இடத்துல ஒண்ணுகூட பாக்கல. எட்டு நாளும் கடலோரத்துல ஒரே பெஞ்சுல போய் உக்காந்திருக்கா. மழை பேஞ்சா குடையைப் பிடிச்சுக்கிட்டு. டீச்சரம்மா வாய்தவறிச் சொன்னாங்க. இதுக்கு மூணு வருஷப் பிளான் எதுக்கு, நீங்களே சொல்லுங்க.

திரும்பி வந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேரம் முன்னாடியே போயிட்டேன். இறங்குனா. கறுத்துப் போயிருந்தா. ஆனா முழங்காலைப் பிடிக்காம இறங்குனா. பையை வாங்கிக்கிட்டு மொத வேலையாக் கேட்டேன், எத்தனை சீட்டு காலின்னு.

"ஒண்ணு. எனக்குப் பக்கத்து சீட்டு."

பாத்தீங்களா தம்பி? காலியா இருந்துச்சு. நான் என்ன சொன்னேன்? ஒரு சீட்டை சும்மா ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். அதை என்கிட்ட பாதிக்குக் குடுத்திருந்தா அவன் என்ன கெட்டா போவான்? அதை அவகிட்டயும் சொன்னேன், ஆட்டோவுல வீடு வர்ற வரைக்கும் சொன்னேன். அவ வெளிய பாத்துக்கிட்டே வந்தா.

அன்னையில இருந்து இப்படித்தான். சண்டை கிடையாது. இப்பகூட எதிர்வீட்டுலதான் இருக்கா, ஆறரைக்கு வந்துருவா, சோறு ஆக்குவா, மாத்திரை எடுத்துக் குடுப்பா. ஒரு குறை சொல்லமுடியாது. ஆனா அந்த ஊரைப் பத்தி ஒரு வார்த்தை என்கிட்ட பேசினது இல்ல. வேலைக்கு வர்ற பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். ஜெயசீலி டீச்சருக்குத் தெரியும். பழைய மாணவிங்க வந்தா மணிக்கணக்கா ஓடும். நான் வந்தா நின்னுரும். அந்தக் கடல் எப்படி இருந்துச்சுன்னு ஒருநாள் வெக்கத்தை விட்டுக் கேட்டேன். "எல்லாம் உங்க ஃபைல்ல இருக்குமே"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

இருக்கான்னு எடுத்துப் பாத்தேன். அஞ்சு அஞ்சு, அஞ்சரை, கடல்னு இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

இந்தாங்க, பிடிங்க. ஓரம் கொஞ்சம் நைஞ்சிருக்கு, பாத்துப் புரட்டுங்க. நீங்க டிக்கெட்டை முன்னாடியே வாங்குவீங்களோ கடைசியில வாங்குவீங்களோ, உங்க இஷ்டம். நான் கடைசியிலதான்னு சொல்வேன்.

எந்திரிக்காதீங்க, ஒரு நிமிஷம். போன வாரம் மொட்டை மாடியில துணி காயப்போடுறப்போ உங்க வீட்டம்மாவும் இவளும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் படியில நின்னேன். காத்துல சரியா கேக்கல. உங்க வீட்டம்மா ஏதோ கேட்டாங்க, இவ சிரிச்சா. இவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்தக் கடலைப் பத்தி என்ன சொன்னான்னு உங்க வீட்டம்மாகிட்ட கேட்டு எனக்கு வந்து சொல்லுங்க தம்பி. என்ன நெறம்னு, எட்டு நாள் அப்படி என்னத்தைப் பாத்தான்னு, அவ சொன்னது அப்படியே. நான் கேட்டேன்னு சொல்லவேணாம். பிளானுக்குத் தேவைப்படுதுன்னு சொல்லுங்க.